அந்த மூச்சை வெட்டிவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றும் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. ரெக்கார்டிங்கில் இருப்பதாக அம்மாவுக்கு ஒரு வரி அனுப்பினாயாம். சரி, வேலை நடந்தால் நல்லதுதான். ராத்திரி தூங்குகிறாயா?

நீ அம்மாவுக்கு அனுப்பிய, போய்விட்ட உன் நண்பன் பாடி வைத்த பாட்டை நானும் ஹெட்போன் போட்டு நாலைந்து தடவை கேட்டேன். முதலில் நாற்காலி கிறீச்சிடுகிறது. அவன் மூச்சை இழுத்து, "ஒன்னு, ரெண்டு" என்று மெல்ல எண்ணுகிறான். மூணு சொல்லாமலே பாட்டுக்குள் போய்விடுகிறான். அதை வெட்டிவிடாதே. குரலும் கிதாரும் ஒரே மைக்கில் பதிந்திருக்கிறது, பிரிக்க முடியவில்லை, வேகமும் நடுவில் மாறுகிறது என்றாயாமே. மாறட்டும். தாளம் எண்ணித் தட்டும் கிளிக் சத்தம் இல்லாமல் பாடியவனை இப்போது கிளிக்கில் கட்டிப்போடாதே. நீங்கள் அவன் பின்னால் போங்கள். அவன் எங்கே இழுப்பான், எங்கே அவசரப்படுவான் என்று உன் கைக்குத் தெரியும். உன்னைப் போல் ட்ரம்ஸ் வாசிக்க அந்தக் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனால் ஒன்று, கோபப்படாதே. அவன் அம்மாவைப் போய்ப் பார்த்தாயா? க்ரான்பெர்ரீஸ் ராக் குழுவின் பாடகி டோலோரெஸ் 2018 ஜனவரியில் இறந்தபோது, டெமோவில், அதாவது மாதிரிப் பதிவில், அவர் பாடி வைத்திருந்ததை மற்றவர்கள் உடனே கையில் எடுக்கவில்லை. குடும்பத்தாரிடம் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் முடித்தார்கள். அந்த ஆல்பம் 2019இல் வந்தது. நீங்கள் கேட்டீர்களா? அது அந்த அம்மாவின் பிள்ளையுடைய குரல். முதலில் அவர் கேட்கட்டும்.

அவசரமும் வேண்டாம். குயின் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி 1991இல் போனார், அவர் பாடி வைத்ததைக் கொண்டு மற்ற மூவரும் ஆல்பத்தை முடிக்க 1995 ஆயிற்று. ஒரு பாட்டில் அவர் பாடாமல் விட்ட கடைசிச் சரணத்தை குழுவின் கிதாரிஸ்ட் பிரையன் மே தன் குரலிலேயே பாடினார். இதெல்லாம் நீ எனக்குச் சொன்னதுதான், அவர்கள் படத்தைச் சுவரில் ஒட்டிய வயதில். உங்கள் எட்டாவது பாட்டிலும் இரண்டு வரிதான் இருக்கிறதாம். மீதியை அவனைப் போல் பாட யாரையும் தேடாதீர்கள். நீங்களே பாடுங்கள். நேரத்துக்குத் தூங்கு.

அந்த எட்டாவது பாட்டைப் பற்றி உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவன் போவதற்குப் பத்து நாள் முன்னால் எனக்குப் போன் செய்தான். உங்களுக்குள் பேச்சு நின்றிருந்த சமயம், உன்னை நேரே கூப்பிடத் தயக்கமாம். "அப்பா, ஒரு பாட்டுதான் பாக்கி. அவனை வரச் சொல்லுங்க" என்றான். உனக்கு அந்த வாரம் நேர்முகத் தேர்வு. "அவனைக் கொஞ்ச நாள் விட்டுடுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். சரி என்றான், அவ்வளவுதான். உன்னிடம் நான் சொல்லவே இல்லை. "கடைசிவரை அவன் என்னைத் தேடவே இல்லையேப்பா" என்று நீ அழுதபோது உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

அவன் தேடினான், தம்பி. நான்தான் தடுத்தேன்.

அம்மாவுக்கும் இது தெரியாது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். போனை என் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், எந்த நேரமானாலும் பரவாயில்லை.

அப்பா