மீனாளைத் தடுக்காதே

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிறது. ஆச்சிக்கு மதுரையில் பேஸ்மேக்கர் வைத்த அலைச்சலில் பதில் தள்ளிப்போயிற்று. இப்போது தேறிவிட்டார்கள், முகப்பில் உட்கார்ந்து எல்லோரையும் அதட்டுகிறார்கள். உன் வீட்டு ஓடு மாற்றும் வேலை முடிந்ததா? 

சரி, மீனாள் விஷயம். சட்டம் படித்த பெண் ஏதோ கம்ப்யூட்டர் சங்கத்துக்குக் குறைந்த சம்பளத்தில் போகிறேன் என்கிறாள், நீ புத்தி சொல் என்று எழுதியிருந்தாய். பேசினேன். புத்தி சொல்ல வேண்டியது உனக்குத்தான்.

கேரன் சாண்ட்லர் என்ற அமெரிக்க வழக்கறிஞரைப் பற்றி அவள்தான் சொன்னாள். தேடிப் படித்தேன். பொறியியல் முடித்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, பெரிய சட்ட நிறுவனங்களில் இருந்தவர். அதை விட்டுவிட்டு, யாரும் உள்ளே படித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று விடும் கட்டற்ற மென்பொருள்காரர்களுக்காக வாதாடும் ஓர் அமைப்புக்கு வந்தார். அவருக்கு இதயத் தசை தடிக்கும் நோய். துடிப்பு தடுமாறினால் உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரை வைத்தாக வேண்டும். இதில் ஓடும் கம்ப்யூட்டர் நிரலைக் காட்டுங்கள் என்று தயாரிப்பாளர்களைக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வைத்துக்கொண்டார். பிறகு கர்ப்பமாக இருந்தபோது, அந்த நிலையில் சாதாரணமாக வரும் படபடப்பை ஆபத்தென்று எடுத்துக்கொண்டு அந்தக் கருவி தேவையில்லாமல் ஷாக் கொடுத்திருக்கிறது. அதைத் திருத்த அவருக்கு வழியே இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு மதுரைதான் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் பேஸ்மேக்கரைச் சோதிக்க வந்த பையன் வட்டமாக ஒன்றை ஆச்சியின் காறையெலும்புக்குக் கீழே வைத்தான், திரையில் எண்கள் ஓடின. "உள்ளே என்னப்பா எழுதி வைச்சிருக்கு?" என்று ஆச்சி கேட்டார்கள். "அது கம்பெனிக்குத்தான் தெரியும் பாட்டி" என்றான். நம் ஊர்க் கோயில் வரவு செலவைக் கூட்டத்தில் வாசிக்கிறார்கள், எந்தக் குடும்பத்துப் புள்ளியும் எழுந்து கேள்வி கேட்கலாம். நெஞ்சுக்குள் ஓடும் கணக்கைக் கேட்கக் கூடாதா?

சாண்ட்லர் அதோடு விடவில்லை. மருத்துவக் கருவிகளின் மென்பொருள் பற்றி 2010-ல் ஓர் ஆய்வறிக்கை எழுதினார். 2011-ல் க்னோம் என்ற கட்டற்ற மென்பொருளின் அறக்கட்டளைக்குச் செயல் இயக்குநர் ஆனார், 2014 முதல் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சிக்கு. கிட், இங்க்ஸ்கேப் மாதிரி எத்தனையோ மென்பொருள் திட்டங்களுக்கு நிர்வாகத்தையும் சட்ட வேலையையும் பார்க்கும் அமைப்பு அது. 2021-ல் விசியோ டிவி கம்பெனி மேல் அவர்கள் போட்ட வழக்கைத்தான் நான் விரும்பிப் படித்தேன். ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வந்த நிரலை டிவியில் போட்டு விற்றால் அதன் மூலநிரலையும், அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவத்தையும், கொடுக்க வேண்டும். நிரலை எழுதியவர் மட்டுமல்ல, டிவியை வாங்கியவரும் அதைக் கேட்டு வழக்காடலாம் என்பது அவர்கள் வாதம். நம் நீதிமன்றத்தில் இத்தனை வருஷம் ஒப்பந்த வழக்கு நடத்தியிருக்கிறேன், இந்தக் கோணத்தை யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை.

உனக்குப் பட்டம்தான் பெரிது, தெரியும். 2023-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்திருக்கிறது. அவுட்ரீச்சி என்று உதவித்தொகையோடு பயிற்சி கொடுக்கும் திட்டத்தை நடத்தியவர்களில் அவரும் ஒருவர். நம் நாட்டுப் பெண்கள் பலர் அதில் சேர்ந்திருக்கிறார்கள்.

மீனாள் சட்டத்தையும் நிரலையும் சேர்த்தே படிக்கத் தெரிந்த பெண். அப்படி நம் பக்கம் எத்தனை பேர் இருக்கிறார்கள் சொல்? கல்யாணச் செலவு, வீட்டுக் கடன் எல்லாம் எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு காரைக்குடிக்கு வா. சம்பளக் கணக்கை மூன்று பேரும் உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். அதுவரை அவளிடம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
முத்தையா