வண்டிகள் வீதி முடியும் இடத்திலேயே நிற்கட்டும்

வெருகல் கரையோரத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். இலங்கைத்துறை முகத்துவாரத்துக்கும் வெருகல் முகத்துவாரத்துக்கும் இடைப்பட்ட கரையில் விடுமுறை நாட்களில் நடைபெறும் ஜீப் ஓட்டங்களைப் பற்றி நான் உங்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் சங்கம் கொடுத்த மூன்று முறைப்பாடுகளும் உங்கள் கோப்புகளில் இருக்கின்றன. மூன்றையும் எழுதிய கை என்னுடையதுதான். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கடலில் வலையை வளைத்துக் கரையில் நின்று இழுக்கும் கரைவலைத் தொழிலாளரின் சங்கத்துக்குக் கணக்கு எழுதி வருகிறேன். என் தம்பி ஒரு கரைவலைச் சம்மாட்டி, அதாவது வலையின் சொந்தக்காரன். நான்காவது கடிதத்தை ஊரறிய எழுதுவதற்குக் காரணம், சென்ற போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு மறுநாள் விடியற்காலையில் எங்கள் வலைக்கு நேர்ந்த கதி.

முதல்நாள் மாலை இழுத்த வலையை அலசி, அலை ஏறாத உயரத்தில் மணல்மேல் பரப்பிக் காயவிட்டிருந்தார்கள். விடிந்ததும் கிழிசல் பார்த்துப் பொத்துவதற்காக வலையின் பை போன்ற மடிப் பக்கத்தைத் தனியே விரித்து வைத்திருந்தார்கள். எங்கள் அப்பு காலத்துக்கும் முன்பிருந்தே வலை அப்படித்தான் காய்கிறது. கரைவலைக்கு மணல்தான் முற்றம். இன்னும் இருள் பிரியாத நேரத்தில் வடக்கிலிருந்து வரிசையாக வந்த ஜீப்புகளில் முன்னால் வந்த இரண்டு அந்த வலையின் மேலாகவே ஏறிச் சென்றன. மூன்றாவது வண்டியின் சில்லில் மடி சுற்றிக்கொண்டதால்தான் மற்றவை நின்றன. வாடியில், எங்கள் கரைக் கொட்டிலில், படுத்திருந்தவர்கள் சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தபோது, ஓட்டி வந்த இளைஞர் சில்லுக்குக் கீழே குனிந்து கத்தியால் வலையை அறுத்துக்கொண்டிருந்தார்.

அந்த இளைஞரை நான் குறை சொல்ல வரவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டார். யாரோ கழித்துப் போட்ட பழைய வலை என்று நினைத்தோம், கரையில் ஆட்கள் தொழில் செய்கிறார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவருக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி. அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்பதே முறை. கையில் இருந்த பணத்தை அவர் நீட்டினார். தம்பி வாங்கவில்லை. அறுந்த மடியின் ஒரு முனையைத் தூக்கி அவர் கையில் கொடுத்து, "இதைப் பிடித்துப் பாருங்கோ தம்பி" என்று மட்டும் சொன்னான்.

அளந்து பார்த்தபோது 14 பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) நீளத்துக்கு வலை கிழிந்திருந்தது. அதில் பெரும்பகுதி மடி. கரைவலையில் கையோரத்துக் கண்கள் பெரியவை. உள்ளே போகப் போகச் சிறுத்து, மீன் வந்து சேரும் மடியில் மிகவும் நெருக்கமாக இருக்கும். ஆகவே மடியைப் பொத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. ஆறு பேர் ஒன்பது நாள் வெயிலிலும் வாடிக்குள்ளும் இருந்து பொத்தினார்கள். அவர்களில் ஒருவருக்கு 68 வயது. கண்ணாடி போட்டும் கண் தெரியாத நேரங்களில் விரலால் தடவித் தடவி முடிச்சுப் போட்டார். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நைலோன் நூலின் விலை எங்கே போயிற்று என்பதை உங்களில் வீட்டுக்குக் கடையில் சாமான் வாங்கும் எவரும் ஊகித்துக்கொள்வீர்கள். நூலைக் கடனுக்குத்தான் எடுத்தோம். அது சங்கக் கணக்கில் என் கையெழுத்தில் இருக்கிறது.

ஆனால் நூலின் விலை எங்களை வருத்தியதைவிட நான்காம் நாள் காலை வருத்தியது. அன்று எட்டு மணியளவில் கரைக்கு மிக அண்மையில் தண்ணீர் கறுத்தது. கீரிமீன் கூட்டம். கரையில் நிற்பவர்கள் மீன் துள்ளுவதைக் கண்ணால் காணும் தூரம். மேலே பறவைகள் இறங்கி இறங்கி எழுந்தன. தோணி இருந்தது, கயிறு இருந்தது, இழுப்பதற்கு 27 பேர் இருந்தார்கள். வளைப்பதற்கு வலை மட்டும் இல்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் அந்தக் கூட்டம் அங்கேயே நின்றுவிட்டு மெல்லத் தெற்கே நகர்ந்தது. வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. கரைவலையில் கூலி கிடையாது, பங்குதான் உண்டு. மீன் இல்லாத நாளில் 27 வீடுகளுக்கும் பங்கு இல்லை. அந்த வாரம் என் கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. விரும்பினால் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இந்த நிலையில் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. இந்தக் கரைக்கு வரும் பயணிகளின் வண்டிகள் வீதி முடியும் இடத்திலேயே நிறுத்தப்பட வேண்டும். அங்கிருந்து கடலுக்கு அவர்கள் நடந்து வரட்டும், குடும்பத்தோடு வரட்டும், எங்களிடம் மீன் வாங்கிச் சமைத்துச் சாப்பிடட்டும். மணலில் சில்லு இறங்கக் கூடாது.

முன்னைய முறைப்பாட்டுக்கு வாய்மொழியாகக் கிடைத்த பதிலில், ஓட்டுநர்கள் கவனமாக ஓட வேண்டும் என்று ஓர் அறிவித்தல் பலகை வைக்கலாம் என்று சொல்லப்பட்டது. பலகையால் இது தீராது. அதற்குக் காரணம் கரையின் அமைப்பே. கடல் பல மீற்றர் ஏறி வற்றும் நாடுகளில், வற்றிய பின் அகன்ற ஈரமணல் இறுகிக் கிடக்கும். வண்டிகள் அதில் ஓடிவிட்டுப் போகலாம், அடுத்த ஏற்றம் தடத்தை அழித்துவிடும். எங்கள் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. இறுகிய ஈரமணல் இங்கே ஓர் ஒடுங்கிய பட்டி மட்டுமே. எதிரில் ஒரு தோணியோ கயிறோ கிடந்தால் ஜீப் மேலே ஏறியாக வேண்டும். மேலே வலையும் வாடியும் இருக்கின்றன. அதற்கும் மேலே மணல்மேடு. மெத்து மணலில் புதையாமல் இருப்பதற்காக ரயரின் காற்றைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். அது வண்டியைக் காக்கும், கீழே இருப்பதைக் காக்காது. எவ்வளவு கவனமான ஓட்டுநரானாலும் இந்தக் கரையில் அவருக்கு ஓடுவதற்கு இடமில்லை.

காலத்தைப் பிரித்துக் கொடுக்கலாமே என்ற யோசனையும் முன்வைக்கப்பட்டது. கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் சித்திரை முதல் புரட்டாதி வரையிலான மாதங்களில். அதுவே கரைவலைக் காலம். அதுவே பயணிகள் வரும் காலமும். வாடைக் காற்றில் கடல் கொந்தளித்து மணலை அரிக்கும்போது நாங்களும் இறங்குவதில்லை, அவர்களும் வருவதில்லை. பிரித்துக் கொடுக்க மிச்சமாக ஒரு காலம் இல்லை.

மணல்மேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதைப் பிடித்து வைத்திருப்பது இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நான் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கொடியின் மேல் ஒரே இடத்தில் பலமுறை சில்லு ஏறினால் வேர் அறுந்து, மணல் காற்றோடு போய், மேட்டில் ஒரு வாய் திறந்துவிடும். எங்கள் பக்கத்தில் இப்போது அப்படி இரண்டு வாய்கள் திறந்திருக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி இந்த மாவட்டம் கண்டதை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. நாட்டின் தென்கிழக்கே யாலைக் கரையில் உயர்ந்த மணல்மேடுகள் அன்று அலையைத் தடுத்து நின்றன. கடல் தெரிய வேண்டும் என்பதற்காக முன்னால் இருந்த மேட்டின் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்த விடுதி அழிந்து போயிற்று. எங்களுக்கு வேறு மதில் கிடையாது.

ஆமைகளைப் பற்றி எங்களைவிட உங்களுக்கே அதிகம் தெரியும். உலகில் உள்ள ஏழு கடலாமை இனங்களில் ஐந்து இலங்கையின் கரைகளில் முட்டையிடுகின்றன. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஆமையையும் முட்டையையும் காக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு உள்ளங்கைக்குள் அடங்கும். ஆழமான சில்லுத் தடத்துக்குள் விழுந்தால் அதனால் ஏற முடியாது. கடலை நோக்கிப் போவதற்குப் பதிலாகத் தடத்தின் வழியே போய்க்கொண்டிருக்கும். விடிந்ததும் காகம் வந்துவிடும். நாய்களும் வரும்.

கரையைக் காப்பதற்காக எங்கள் மேல் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளை நாங்கள் ஏற்று நடந்திருக்கிறோம் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச்சால் கரைவலை இழுப்பது கடலடியைக் கெடுக்கும் என்று சொன்னார்கள். எங்கள் சங்கத்தில் கையால் இழுப்பதற்கே திரும்பினோம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கரையோர வலயம் உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை நீள்கிறது. அதற்குள் வாடிக்கு ஒரு சீமெந்துத் தரை போடுவதென்றாலும் அனுமதி கேட்கிறோம். கேட்பது சரிதான். அதே 300 மீற்றருக்குள் ஒரே காலையில் 11 வண்டிகள் ஓடிப் போனதை யாரிடம் கேட்டு ஓடின என்று எங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. நாங்கள் சென்ற ஓர் அலுவலகத்தில் இது இன்னோர் அலுவலகத்தின் பொறுப்பு என்றார்கள். அங்கே போனபோது பொலிஸில் சொல்லும்படி அனுப்பினார்கள். அந்த ஒரு நாள் அலைச்சலுக்கு மூன்று பேர் தங்கள் பங்கை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. இந்தப் பயணங்களுக்கு ஆள் சேர்க்கும் விளம்பரம் ஒன்றை என் மருமகள் தன் கைத்தொலைபேசியில் காட்டினாள். எங்கள் கரையின் படத்துக்குக் கீழே "ஆளில்லாக் கரை" என்று எழுதியிருந்தது. இந்தக் கரை ஆளில்லாமல் கிடந்த காலம் ஒன்று உண்டு. 2006 இல் போரினால் நாங்கள் கையில் அகப்பட்டதோடு வெருகல் ஆற்றைக் கடந்து ஓடினோம், முகாம்களில் இருந்தோம், திரும்பி வந்தபோது வாடிகள் இருந்த இடத்தில் பற்றை முளைத்திருந்தது. அதைத் துப்புரவாக்கி, கடன்பட்டு வலை கட்டி, மீண்டும் முதல் பாடு வலை வளைத்த நாளில் கரையில் நின்று அழாதவர் இல்லை. அந்தக் கரையை ஆளில்லாக் கரை என்று ஒருவர் விற்பதும், அதைத் திருத்த வேண்டியவர்கள் பேசாமல் இருப்பதும் எங்களுக்குப் பொறுக்கக்கூடிய ஒன்றாக இல்லை. என் சொல் கடுமையாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எல்லோரும் குறைந்த ஆட்களோடும் குறைந்த வாகனங்களோடும் நீண்ட கரையைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்பதை நான் அறிவேன்.

ஆகவே மரியாதையோடு மீண்டும் கேட்கிறேன். வண்டிகள் வீதி முடியும் இடத்திலேயே நிறுத்தப்பட வேண்டும். தோணி ஏற்றி இறக்கும் எங்கள் உழவு இயந்திரம் ஒரே பாதையால் போய்வருவதற்கு எல்லை குறித்துத் தந்தால் அதற்கும் கட்டுப்படுகிறோம். கரைக்கு இறங்கும் மணற்பாதைகள் எங்கள் பக்கத்தில் இரண்டே இரண்டு. அவற்றை அடைப்பதற்குப் பெரும் செலவு வராது. மேற்பார்வைக்கு ஆளில்லை என்றால் சங்கத்திலிருந்து முறை வைத்து இருவர் நிற்கிறோம். அவர்களுக்கு உங்கள் கையொப்பமிட்ட ஒரு கடிதம் போதும். அடுத்த நீண்ட விடுமுறைக்கு முன்னர் உங்களில் ஒருவராவது ஒரு காலை வேளையில் வந்து பாருங்கள். வலை விரித்திருக்கும் நேரத்தில் வாருங்கள்.

சென்ற கிழமை எங்கள் ஆட்கள் அந்த இரண்டு பாதைகளின் வாயிலும் பனங்குற்றிகளை நட்டிருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் செய்தது தவறு என்று நீங்கள் சொன்னால் நாங்களே பிடுங்கி எடுத்துவிடுவோம். அவற்றைப் பிடுங்கும் நாளில் அதே குழிகளில் உங்கள் கற்தூண்களை நட்டுத் தாருங்கள்.

இங்ஙனம்,
கரைவலைச் சங்கத்தின் கணக்கு எழுதுபவள்,
வெருகல் பிரதேசம், திருகோணமலை மாவட்டம்.