போர்வைக்கு ஓரம் கட்டுவது

அன்புள்ள கண்ணம்மா,

பிள்ளைக்குத் தைக்கும் பஞ்சுப் போர்வைக்கு ஓரம் மட்டும்தான் பாக்கி என்று எழுதியிருந்தாய். கையால் ஹெம்மிங் போட்டால்தான் அழகு என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதே. பிள்ளைப் போர்வை ஓயாமல் துவைபடும். அதற்கு மெஷின் தையல்தான் தாங்கும்.

இருப்பதில் சுலபம், அடித்துணியையே மேலே மடித்து ஓரமாக்குவது. மேல்துணியும் நடுவில் வைக்கும் பஞ்சும் ஒரே அளவு. அடித்துணி மட்டும் நாலு பக்கமும் ஒரு இஞ்சு நீட்டிக்கொண்டிருக்கட்டும். பஞ்சை வெட்டும்போது அடித்துணியைக் கீழ்ப்பக்கமாக மடித்துவிடு, இல்லாவிட்டால் கத்தரியில் அதுவும் சிக்கும். முதலில் மூலை நுனியைப் போர்வையின் மேல் சாய்வாக மடித்து, நுனியைக் கொஞ்சம் கத்தரி. பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் பாதியாக மடி, வெட்டு விளிம்பு போர்வை ஓரத்தைத் தொடும். இன்னொரு மடிப்பில் அரை இஞ்சுப் பட்டி வந்துவிடும். உள்விளிம்பை ஒட்டி ஒரு தையல் போதும்.

ஆனால் விளிம்பில் ஒற்றைத் துணிதான். அது நைந்தால் அடித்துணியே போச்சு. அதனால் உனக்குத் தனிப் பட்டிதான் நல்லது.

36க்கு 45 போர்வைக்குச் சுற்றளவு 162 இஞ்சு. மூலைக்கும் முடிப்புக்கும் 12 சேர்த்து 174. 44 இஞ்சு பன்னாவில், அதாவது துணியின் முழு அகலத்தில், இரண்டரை இஞ்சு அகலத்தில் நாலு துண்டு போதும் போலத் தெரியும். சாய்வாக இணைக்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டரை இஞ்சு போய்விடும், ஐந்தாக வெட்டு. நேராகவே வெட்டு, சாய்வாக வெட்டும் கிராஸ் துண்டு வளைந்த ஓரத்துக்குத்தான் வேண்டும்.

பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடு. தொடங்கும் நுனியை மட்டும் உள்ளே மடித்து, கடைசியில் வரும் வாலை அதற்குள் செருகிவிடலாம். ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்கு. போர்வையின் பின்பக்கத்தில் வைத்து, ஓரத்திலிருந்து கால் இஞ்சு உள்ளே தை. மூலைக்குக் கால் இஞ்சு முன்பே நிறுத்தி ரிவர்ஸ் தையல் போட்டு, பட்டியை மேல்நோக்கி மடித்து, அப்படியே அடுத்த பக்கத்துக்கு இறக்கு. பிறகு முன்பக்கம் புரட்டி, அந்தத் தையல் மறையும்படி கிளிப் போட்டுத் தை. பின்பக்கம் முதலில் தைத்தால், வெளியே தெரியும் தையல் உன் கண்ணெதிரே நேராக ஓடும்.

பட்டியை இழுத்துப் பிடிக்காதே. ஓரம் சுருங்கி நடு உப்பிவிடும். பட்டிக்குள் விளிம்புவரை பஞ்சு இருக்க வேண்டும். வெற்றுப் பட்டி மடிந்து மடிந்து அங்கேதான் முதலில் கிழியும்.

சிவப்போ கருநீலமோ எடுத்தால் வெட்டுவதற்கு முன் நனைத்துப் பார். தண்ணீர் தெளியும்வரை அலசி, காயவைத்து, பிறகு கத்தரி வை. மூலை சரியாக வராவிட்டால் போட்டோ அனுப்பு.

அன்புடன்,
அம்மா