ஒப்லோமோவுக்குச் சோறு போட்டவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, ‘ஒப்லோமோவ்’ என்ற ரஷ்ய நாவல் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை கோபம் வந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் இரவு பகலாகக் கணினி முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், அந்த நாவலின் சோம்பேறி நாயகன் ஒப்லோமோவிடம் ஓய்வைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். கற்றுக்கொள்ளட்டும். அவன் படுத்துக் கிடந்த காலத்தில் உலை வைத்தது யார் என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

கன்னிமாரா நூலகத்தில் எடுத்து, ஆங்கிலத்தில் இந்த நாவலைப் படித்தவள் நான். எழுத்தாளர் கொன்சரோவ் இதை வெளியிட்டது 1859இல்; ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861இல். முப்பது வயதைத் தாண்டிய ஒப்லோமோவுக்கு எங்கோ தொலைதூரத்தில் பரம்பரைப் பண்ணை; அதில் 350 அடிமைகள். அவர்கள் உழைத்து அனுப்பும் பணத்தில்தான் பீட்டர்ஸ்பர்க்கில் அந்தத் தொளதொள அங்கியும் சோபாவும். முதல் பாகம் முழுக்க ஒரே நாள். வீட்டுக்காரருக்கு எழுதத் தொடங்கிய கடிதத்தைக் கூட அந்த நாளில் அவனால் முடிக்க முடியவில்லை.

அவன் உத்தியோகம் பார்த்த கதையைக் கட்டுரையாளர் ஏன் விட்டுவிட்டார் என்று தெரியவில்லை. தெற்கே அஸ்திரகானுக்குப் போக வேண்டிய தபாலை வடக்கே ஆர்க்கேஞ்சலுக்கு அனுப்பிவிடுகிறான். மேலதிகாரிக்குப் பயந்து வீட்டோடு தங்கி, மருத்துவச் சான்றிதழ் கொடுக்கிறான். தினமும் ஆபீஸ் போவதால்தான் இதயம் வீங்கியிருக்கிறது என்கிறது அந்தச் சான்றிதழ்! 34 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்த எனக்கு, அப்படி ஒரு டாக்டர் கிடைக்கவில்லையே என்றிருந்தது.

என் தம்பியும் இதே ஜாதகம்தான். பி.காம். முடித்து மூன்று மாதம் வேலைக்குப் போனான். மேலாளர் குரலை உயர்த்தினார் என்று நின்றுவிட்டான். பிறகு பகலெல்லாம் கூடத்துச் சாய்வு நாற்காலி, மாலையில் மெரினா. நல்லவன், யார் மனதையும் நோகடிக்க மாட்டான், பேச உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. வருகிறவர்கள் எல்லாம், “எவ்வளவு நிம்மதியான பையன்!” என்பார்கள். சாப்பிட்ட தட்டை அவன் எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் எடுக்கப் போனபோதெல்லாம், “அக்கா எடுப்பாள், நீ விடு” என்று தடுத்தது அம்மாதான். ஒப்லோமோவுக்குக் காலுறை மாட்டிவிட வேலைக்காரன் இருந்தான். எங்கள் வீட்டில் நான் இருந்தேன்.

நாவலின் பிற்பகுதியில் அகாஃபியா என்ற விதவை வருகிறாள். ஒப்லோமோவ் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி. அவளுடைய அண்ணனே இன்னொருவனோடு கூட்டுச் சேர்ந்து அவனை ஏமாற்ற, வீட்டில் பணம் வற்றிவிடுகிறது. அகாஃபியா தன் முத்துகளை அடகு வைக்கிறாள், பிறகு வெள்ளிச் சாமான்களை. அவனிடம் மூச்சுவிடவில்லை. அவன் மறுநாளும் நல்ல மீனும் பறவைக் கறியும் ருசித்துச் சாப்பிடுகிறான். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பைகிராப்ட்ஸ் சாலை அடகுக் கடைக்கு அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி போனபோது, கழுத்து அரிக்கிறது, கழற்றி வைத்திருக்கிறேன் என்றுதான் எங்களிடம் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாம்பாரில் வெங்காயம் போதவில்லை என்றான் தம்பி. குறையாகக் கூடச் சொல்லவில்லை, சும்மா சொன்னான்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒப்லோமோவை என்னால் வெறுக்க முடியவில்லை. ஓயாமல் ஓடியாடும் அவன் நண்பன் ஷ்டோல்ஸைத்தான் பிடிக்கவில்லை. நாவலாசிரியர் சாமர்த்தியம் அப்படி. ஆனால் பிடித்துப்போவது வேறு, வழிகாட்டியாக நிறுத்துவது வேறு.

ஒப்லோமோவ் படுக்கையில், தூங்குவது போல அமைதியாகச் செத்துப்போகிறான். அவன் பண்ணையிலிருந்து வரும் பணத்தை அகாஃபியா தனக்கென்று தொடவில்லை. அவனுக்கும் தனக்கும் பிறந்த பிள்ளைக்குச் சேர்த்து வைக்கச் சொல்லிவிடுகிறாள். ஆயுள் முழுக்க அவனுக்குப் பணிவிடை செய்து, திட்டு வாங்கி, திருப்பி முணுமுணுத்த கிழட்டு வேலைக்காரன் ஜகார், கடைசி அத்தியாயத்தில் தேவாலய வாசலில் பிச்சை எடுக்கிறான். உங்கள் இரண்டு பக்கக் கட்டுரையில் ஜகாரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாசகி ஒருத்தி,
திருவல்லிக்கேணி, சென்னை-5