கில்கென்னில மூணு வீடு, ஒரு குடும்பம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன்ல நீ சொன்னியே, ரெண்டு ரூம் வீட்ல குழந்தையை வச்சுக்கிட்டு எப்படிம்மா சமாளிக்கப் போறோம்னு, அப்போ எனக்கு பதில் சரியா வரல, அதான் எழுதுறேன். சனிக்கிழமை நானும் அப்பாவும் வாட்டர்ஃபோர்டுல டிரெயின் ஏறி, இங்க அயர்லாந்துலயே இருக்கற பழைய ஊர் கில்கென்னிக்குப் போயிட்டு வந்தோம். கோட்டைக்குத்தான் எல்லாரும் போறாங்க, நாமளும் நீ ஸ்கூல் படிக்கும்போது அதைத்தான் பாத்தோம், ஆனா பார்லிமென்ட் ஸ்ட்ரீட்ல ரோத் ஹவுஸ்னு ஒரு வியாபாரி வீடு இருக்கு, இத்தனை வருஷமா அந்தத் தெருவுல நடந்தும் உள்ள போனதே இல்ல. இந்த தடவை அதுக்காகவேதான் போனோம்.

ஜான் ரோத்னு ஒரு வியாபாரி, அவர் மனைவி ரோஸ் ஆர்ச்சர். ரெண்டு பேருமே அந்த ஊர்ல பெரிய வியாபாரக் குடும்பம். 1594ல தெருவைப் பாத்த மாதிரி முதல் வீட்டைக் கட்டினாங்க, கீழ வளைவு வளைவா கல் வச்ச முன்பக்கம், அங்க வியாபாரம், மேல குடும்பம். பிள்ளைங்க நெறைய, ஆளுங்க நெறைய, இடம் பத்தல. பக்கத்துல வாங்கலாம்னா அங்க வேற ஆளுங்க வீடு, ஏன்னா அந்த ஊர்ல மனை எல்லாம் தெருவுல ஒடுக்கமா ஆரம்பிச்சு பின்னாடி ஊர் மதில் வரைக்கும் நீளமா ஓடும், ரொம்ப முன்னாடி அயர்லாந்தைப் பிடிச்ச நார்மன்காரங்க காலத்துல அளந்து விட்டது அப்படி. அதனால பின்னாடி ஒரு முற்றம் விட்டு 1604ல ரெண்டாவது வீடு, அப்புறம் இன்னொரு முற்றம் விட்டு 1610ல மூணாவது வீடு. ஒரே நேரத்துல மாளிகை கட்டிடல பாரு, பதினாறு வருஷமா தேவைக்குத் தேவை பின்னாடி நகந்துக்கிட்டே போயிருக்காங்க. நீயும் குழந்தை பொறக்கறதுக்குள்ள எல்லாம் ரெடியா இருக்கணும்னு பயப்படற, அதெல்லாம் வேணாம்டி, ஒரு குழந்தைக்கு மொத வருஷம் ஒரு தொட்டில் வைக்கற இடம் போதும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த முற்றங்கள்தான். தெருவுல பஸ்ஸும் காரும் ஓடிக்கிட்டு இருக்கு, வளைவுக்குள்ள நாலு அடி வச்சா சத்தமே இல்ல, மேல வானம், சுத்தி சாம்பல் கலர் சுண்ணாம்புக்கல் சுவர். அந்த வளைவையும் தாண்டினா அடுத்த முற்றம், அங்க கிணறு இருக்கு. அங்க நின்னு ரோஸைப் பத்தியே நெனச்சுக்கிட்டு இருந்தேன். முதல் வீட்டுக்கும் மூணாவது வீட்டுக்கும் நடுவுல அந்தப் பொம்பளை எத்தனை தடவை பிரசவம் பாத்திருப்பா, எத்தனை பேருக்கு சமையல் நடந்திருக்கும், இதெல்லாம் எந்தக் கண்ணாடிப் பெட்டியிலயும் இல்ல. ஜான் 1613ல ஊர் மேயர் ஆனதெல்லாம் சொல்றாங்க, சரி, அதுவும் பெருமைதான். ஆனா வீட்டை வீடா வச்சிருந்தது அவதான்னு எனக்குத் தோணுது.

அப்புறம் கதை சோகமாப் போகுது. 1642ல இங்கிலாந்து ஆட்சியோட மோதின கத்தோலிக்கத் தலைவர்கள் எல்லாம் சேந்து கில்கென்னியைத் தங்களுக்குத் தலைநகர் மாதிரி ஆக்கினாங்க, ரோத் குடும்பமும் அவங்க பக்கம். 1650ல இங்கிலாந்துத் தளபதி கிராம்வெல் படையோட வந்து ஊரைப் பிடிச்சான். மகன் பீட்டர் காலத்துல வீடு பறிபோச்சு, குடும்பத்தை மேற்க கொனாட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. இங்கிலாந்துல ராஜா ஆட்சி திரும்பி வந்தப்போ வீடும் திரும்பிக் கிடைச்சுது, ஆனா புராட்டஸ்டன்ட் ராஜா வில்லியம் ஜெயிச்ச பிறகு 1690கள்ல மறுபடியும் போயிடுச்சு, அது நிரந்தரமா. அப்பா இதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

அதுக்கப்புறம் வீடு கைமாறி கைமாறி, 1890கள்ல ஐரிஷ் மொழியைக் காப்பாத்தணும்னு கிளம்பின கேலிக் லீக்காரங்க கைக்கு வந்துச்சு. தாமஸ் மெக்டோனான்னு ஒருத்தர், 1900கள் ஆரம்பத்துல கில்கென்னி செயின்ட் கீரன்ஸ் காலேஜ்ல வாத்தியார், அவரும் அந்த லீக்ல இருந்தவரு, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த 1916 எழுச்சிக்காக அவரை சுட்டுக் கொன்னாங்க. நாம இறங்குற கில்கென்னி ஸ்டேஷன் மெக்டோனா ஸ்டேஷன், அது இவர் பேருதான், இத்தனை வருஷம் அந்தப் பேரைப் பாத்து டிக்கெட் எடுத்திருக்கோம், யாருன்னு உனக்கு சொல்லிக் கொடுக்கல நான்.

1962ல கில்கென்னி தொல்லியல் சங்கம் அந்த வீட்டை வாங்கினாங்க. அரசாங்கம் இல்ல, பழசு மேல ஆசை வச்ச அந்த ஊர்க்காரங்க சேந்து நடத்துற சங்கம். சரி பண்ணி 1966ல மியூசியமா திறந்துட்டாங்க. நானூறு வருஷத்துக்கு மேல ஆன மூணு வீடும் அந்த மனையும் முழுசா நிக்குதுன்னா இவங்களாலதான். இந்த மாதிரி ஜனங்களுக்கு எவ்ளோ நன்றி சொன்னாலும் தகும்.

தோட்டம் ஒண்ணு இருக்கு, கடைசி வீட்டுக்குப் பின்னாடி, 2008ல திறந்தது. 1600கள்ல அங்க எப்படி வச்சிருப்பாங்களோ அதே மாதிரி கீரை, மூலிகை, அதுக்கு மேல பழமரங்கள், கடைசில ஊர் மதில். குழந்தை தவழ நல்ல புல்தரை. உள்ள படிக்கட்டு செங்குத்தா இருக்கு, அதனால நீங்க வரும்போது ஸ்டிரோலர் எல்லாம் வேணாம், துணியில கட்டித் தூக்கிக்கோ, இல்லன்னா அப்பா தூக்கிப்பாரு, இப்பவே அதுக்கு சண்டை போடறாரு.

மாப்பிள்ளை கிட்ட லீவு எப்போ கிடைக்கும்னு கேட்டு சொல்லு, மே மாசமா இருந்தா நல்லது, குளிர் குறைஞ்சிருக்கும். இரும்பு மாத்திரை விடாம போடு, ராத்திரி லேட்டா வேலை பாக்காத.

அம்மா