பிளாண்ட் அறையிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

ராமநாதபுரத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில், கடற்காற்று எட்டும் தொலைவில் இயங்கும் ஒரு சிறிய நூற்பாலையில் மின் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பிளாண்டிலும் வேஸ்ட் சேகரிக்கும் அமைப்பிலும் கடந்த ஓராண்டாகச் செய்த மாற்றங்களால், ஒரு கிலோ நூலுக்கு நாங்கள் செலவிடும் யூனிட் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருக்கிறது. அதற்காக அண்மையில் நடந்த கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வைக்கு உரியவர்கள் பலர் அன்று மேடையின் பக்கமே வரவில்லை என்பதால், அவர்கள் செய்தது இன்னதென்று எல்லாரும் அறிய இந்த மடலை எழுதுகிறேன்.

நூற்பாலைக்குள் வராதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நூலை முறுக்கிச் சுற்றும் ரிங் ஃபிரேம்கள் ஓடும் கூடத்தில் மோட்டார்கள் கக்கும் வெப்பம் இரவு பகலாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். அங்கே ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் பஞ்சு பறந்து நூல் அறுகிறது, கூடினால் ரோலரில் பஞ்சு சுற்றிக்கொண்டு லேப்பிங் ஆகிறது. இதற்காக வெளிக்காற்றையும் கூடத்திலிருந்து திரும்பும் காற்றையும் கலந்து, வாஷர் எனும் அறையில் தண்ணீர் தெளித்துக் குளிர்வித்து, பெரிய விசிறிகளால் டக்ட் எனும் காற்றுக்குழாய் வழியே உள்ளே செலுத்துகிறோம். மூன்று ஷிப்டும் நிற்காமல் ஓடுகிற இந்த விசிறிகளும் பம்புகளும் சத்தமில்லாமல் தின்னும் மின்சாரம் கொஞ்சமல்ல.

முதல் நன்றி எங்கள் பிளாண்ட் ஆபரேட்டர் அண்ணனுக்கு. பெயர் போட வேண்டாம் என்று அவர் கண்டிப்பாகக் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, இளவயதில் தகப்பனாரோடு பாக் நீரிணையில் வலை போட்டவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெயில் கடுமையாக இருந்தால் பம்பையும் விசிறியையும் முழு வேகத்தில் ஓட்ட வேண்டும், வெயில் தணிந்தால் குறைக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் அவர் என்னை மாடிக்கு அழைத்துப்போய், கொடிக்கம்பியில் கிடந்த துண்டு எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கச் சொன்னார். "கச்சான் அடிக்கும்போது வாஷர் நல்லா வேலை செய்யும் தம்பி. கொண்டல் ஏறிட்டா தண்ணி தெளிக்கிறதே வேஸ்ட்" என்றார்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் அவர் சொன்னதன் முழு எடை எனக்குத் தெரிந்தது. மேற்கிலிருந்து நிலத்தின் மேல் வரும் கச்சான் 38 டிகிரி சூட்டில் இருந்தாலும், அதன் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், வாஷர் அதை ஏறத்தாழ 24, 25 டிகிரி வரை இறக்கிவிடும். கடலிலிருந்து வரும் கொண்டல் 34 டிகிரிதான். உடலுக்கு இதமாகக்கூட இருக்கும். ஆனால் அது 70 சதவீத ஈரத்தைச் சுமந்து வந்தால், எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் 29 டிகிரிக்குக் கீழே போகாது. சூடான காற்று நன்றாகக் குளிர்கிறது, குளிர்ந்த காற்று குளிர மறுக்கிறது! கொண்டல் நாட்களில் கூடத்துக்குத் தேவையான ஈரம் வெளிக்காற்றிலேயே மிஞ்சிக் கிடக்க, நாங்கள் பம்பை ஓட்டி மேலும் ஈரத்தை ஏற்றி, லேப்பிங் கூடியதும் அதைப் போக்குவதற்கு இன்னொரு விசிறியையும் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு தவறை மறைக்க இரண்டு மோட்டார்களுக்கு மின்கட்டணம் கட்டிய அந்த ஆண்டுகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இப்போது கச்சான், கொண்டல், வாடை ஆகிய ஒவ்வொன்றுக்கும் காற்று வழியை மூடித் திறக்கும் டாம்பரை எவ்வளவு திறப்பது, பம்பை எப்போது நிறுத்துவது என்று அண்ணன் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்பேடு பிளாண்ட் அறைக் கதவருகே தொங்குகிறது. காலையில் கச்சானாக இருந்து பிற்பகலில் கடற்காற்று திரும்பும் நாட்களுக்குத் தனிப் பக்கமே இருக்கிறது. ஈரப்பதமானிகளும் வைத்திருக்கிறோம். ஆயினும் காற்று திரும்பப் போவதை அவை காட்டுவதற்குள் அண்ணன் டாம்பரில் கை வைத்திருப்பார்.

அடுத்து, கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று நாட்கள் எங்களோடு தங்கிய எரிசக்தித் தணிக்கையாளருக்கு நன்றி. விசிறியின் வேகத்தைக் குறைத்தால் காற்று அதே விகிதத்தில் குறையும், ஆனால் அது இழுக்கும் மின்திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். டாம்பரைப் பாதி மூடிவிட்டு விசிறியை முழு வேகத்தில் ஓட்டுவது, பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டியை முடுக்குவதற்குச் சமம் என்று அவர் சொல்லி, வேகக் கட்டுப்பாட்டு டிரைவில் மின்சாரத்தின் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸிலிருந்து 42 ஆக்கி, விசிறியின் வேகத்தையும் அதே விகிதத்தில் குறைத்துக் காட்டினார். கணக்குப்படி பழைய திறனில் ஏறத்தாழ 60 சதவீதம் போதும். மீட்டரும் அதையொட்டியே இறங்கியது. அலுமினிய இறக்கைகளை எடுத்துவிட்டு எடை குறைந்த கண்ணாடியிழை இறக்கைகளைப் பொருத்தச் சொன்னவரும் அவரே. உப்புக்காற்றில் தகடுகள் அரித்துப்போகும் எங்கள் ஊரில் அது இரட்டை நன்மை.

பஞ்சைச் சீவி இழைகளாக்கும் கார்டிங் பிரிவில் வேலை செய்யும் அக்காமார் ஐவருக்கு நான் பட்டிருக்கும் கடன் தனி. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமிலிருந்தும் கார்டிங்கிலிருந்தும் வரும் தூசியையும் கழிவுப் பஞ்சையும் குழாய்கள் வழியே உறிஞ்சி டிரம் ஃபில்டருக்குக் கொண்டுபோவதுதான் வேஸ்ட் சேகரிப்பு அமைப்பு. அதன் விசிறிகள் அதிகம் இழுப்பதற்குக் காரணம் தெரியாமல் நான் மோட்டாரையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருவர், "சார், நாலாவது மெஷின் பக்கத்துல குழாய் விசிலடிக்குது, ரொம்ப நாளா" என்றார். பிறகு ஐவரும் ஆளுக்கொரு சிட்டிகைப் பஞ்சை விரலில் பிடித்து, ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லக் கொண்டுபோனார்கள். பஞ்சு எங்கே உள்ளிழுக்கப்பட்டதோ அங்கே சாக்குக்கட்டியால் ஒரு வட்டம். மாலைக்குள் குழாய் முழுதும் வெள்ளை வட்டங்கள்: கிழிந்த நெளிகுழாய்கள், ரப்பர் போன பார்வைக் கதவுகள், கழன்ற கிளாம்புகள். மெஷினுக்குப் போக வேண்டிய உறிஞ்சு விசையை இந்த ஓட்டைகள்தான் தின்றுகொண்டிருந்தன. கம்பிப் பற்களைத் தீட்டும் அரைப்பு வேலைக்காக நிறுத்திய கார்டிங் மெஷினின் உறிஞ்சுவாய் ஏன் திறந்தே கிடக்க வேண்டும் என்று கேட்டவரும் அவர்களில் ஒருவர்தான். இன்று அங்கே தடுப்புத் தகடு இருக்கிறது. ஒரு கிளையை மூடியதும் அழுத்தத்தை உணர்ந்து டிரைவ் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

இந்த வேலையில் நான் செய்த ஒரு பிழையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மீட்டர் இறங்குவதைக் கண்ட ஆசையில் ஒருநாள் இரவு ஷிப்டில் வேஸ்ட் விசிறியை அளவுக்கு மேல் குறைத்துவிட்டேன். குழாயில் காற்றின் வேகம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பஞ்சு மிதந்து வராது, வளைவுகளில் படிந்துவிடும். விடிவதற்குள் இரண்டு வளைவுகள் அடைத்து கார்டிங் நின்றது. தேங்கிய பஞ்சில் ஒரு பொறி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஆலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு சொல்லும் கடிந்து பேசாமல், ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், குழாயைக் கழற்றிக் கை விட்டுப் பஞ்சை அள்ளிய பிட்டர் தம்பிகள் இருவரையும் நான் மறக்க மாட்டேன். விசிறியின் வேகம் அந்த அளவுக்குக் கீழே போக முடியாதபடி டிரைவில் இப்போது ஓர் எல்லை வைத்திருக்கிறோம்.

எங்கள் நிலத்தடி நீரின் உப்பு வாஷரில் தண்ணீர் தெளிக்கும் நாசில்களை அடைக்கும்; காற்றோடு வரும் நீர்த்துளிகளைத் தடுக்கும் எலிமினேட்டர் தகடுகளில் வெள்ளையாகப் படிந்து காற்றை மறிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆலைக் கூரையிலிருந்து வழியும் நீரைத் தொட்டியில் சேர்க்கலாம் என்று வரைபடம் போட்டுத் தந்த கொத்தனார் ஐயாவுக்கும், வாரந்தோறும் அந்தத் தகடுகளைக் கழற்றிக் கழுவும் தோழியருக்கும் நன்றி. செலவுத் தொகையைக் கேட்டுத் தயங்காமல் கையெழுத்திட்ட மேலாளருக்கும், தினமும் மீட்டர் அளவை ஷிப்ட் வாரியாகப் பிரித்து எழுதித் தந்த அலுவலகத் தங்கைக்கும் அவ்வாறே.

அண்ணன் வரும் தை மாதம் ஓய்வு பெறுகிறார். அண்ணே, உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த வைகாசியில் கச்சான் எழும் அன்று ஆலைக்கு ஒருநடை வாருங்கள். குறிப்பேட்டில் அந்த நாளின் பக்கத்தை வெறுமையாக வைத்திருப்போம், நீங்கள்தான் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
பராமரிப்புப் பிரிவிலிருந்து உங்கள் தம்பி