பதினைந்து நொடிப் பச்சை விளக்கு: துணைவேந்தர்களுக்கும் மேயர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்களே, மேயர்களே,

பல்கலைக்கழகமும் நகரமும் கைகோக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் நீங்கள் கையெழுத்திடும் படங்களை நாளிதழ்களில் பார்க்கும்போதெல்லாம் மகிழ்கிறேன். மாணவர்களைப் பல ஆண்டுகளாகக் களப்பணிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியன் நான். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை, பேருந்து நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் ஆட்களோடு பேசிவிட்டு வந்து, "ஐயா, நாம் படித்த கணக்கு இங்கே பொருந்தவில்லை" என்று சொல்லும். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த வேலையில் இருக்கிறேன். ஒப்பந்தங்கள் பெருகட்டும். ஆனால் நான் படித்துப் பார்த்த ஒப்பந்தம் எதிலும் இல்லாத ஒன்றைப் பற்றி உங்களிடம் பேசியாக வேண்டும்.

ஒரு மருத்துவமனை வாசலில் உள்ள சாலைச் சந்திப்பு. சாலையின் அகலம் 18 மீட்டர். நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு 15 நொடி எரிந்தது. நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துத்தான் பல நாடுகளில் இந்த நேரத்தைக் கணக்கிடுகிறார்கள்; ஆகவே ஏட்டளவில் பிழை இல்லை. என் மாணவர்கள் ஒரு வாரம் அங்கே நின்று முதியவர்களின் நடையை அளந்தார்கள். பலருடைய வேகம் நொடிக்கு 0.8 மீட்டர்தான். விளக்கு சிவப்பாக மாறும்போது அவர்கள் 12 மீட்டர்தான் கடந்திருந்தார்கள். மீதி 6 மீட்டரை, உறுமிக்கொண்டு நிற்கும் வண்டிகளுக்கு முன்னால் கையை உயர்த்திக் காட்டியபடி கடந்தார்கள். பச்சை விளக்கு 23 நொடியாவது எரிய வேண்டும் என்று மாணவர்கள் எழுதினார்கள். அறிக்கைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. பருவம் முடிந்தது. விளக்கு 15 நொடியே எரிந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு துறையின் மாணவர்கள், முதல் அறிக்கை இருப்பதே தெரியாமல், அதே சந்திப்பை அளந்தார்கள். அறிக்கையை முன்பு வாங்கிக்கொண்ட அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். மூன்றாம் முறை நான் அழைத்துச் சென்ற குழுவிடம் ஒரு மூதாட்டி, "இதற்கு முன் வந்தவர்களும் இதையேதான் கேட்டார்கள். எழுதிக்கொண்டு போனதை என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் குழுவில் இருந்த ஒரு மாணவி, மதிப்பெண் வந்த பிறகும் விடவில்லை. நான்கு முறை அலைந்து, விளக்குகளைப் பராமரிக்கும் பொறியாளரைக் கண்டுபிடித்தாள். "இது சில நிமிட வேலை. எழுத்தில் யாரும் கேட்கவில்லையே" என்றார் அவர். விளக்கு இன்று 23 நொடி எரிகிறது. முதல் அறிக்கைக்கும் அந்த நாளுக்கும் இடையே ஐந்து ஆண்டுகள். அந்த ஐந்து ஆண்டுகளும் நகரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஒப்பந்தம் நடப்பில்தான் இருந்தது.

இல்லாதது என்று நான் சொன்னது இதைத்தான்: மாணவர்கள் எடுத்துச் செல்வதைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் கடமை. அதை யார் செய்வது, எந்த நாளுக்குள் செய்வது என்று எழுதப்பட்ட ஒரு வரி.

இந்த உறவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1884இல் சாமுவேல் பார்னெட்டும் ஹென்ரியட்டா பார்னெட்டும் லண்டனின் கிழக்குப் பகுதியில் டாயின்பீ ஹால் என்ற சமூகப்பணி இல்லத்தை நிறுவியபோது, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இளைஞர்களை ஏழைகளின் தெருவுக்கே வந்து வாழச் சொன்னார்கள். அங்கே பணியாற்றியவர்களில் ஒருவர் வில்லியம் பெவரிட்ஜ். பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புக்கு அடித்தளமிட்ட 1942ஆம் ஆண்டு அறிக்கை அவருடையது. அங்கே செயலாளராக இருந்த கிளெமென்ட் அட்லி பிரதமராகி அதைப் பெருமளவு நிறைவேற்றினார். அந்தத் தெருக்களில் வாழ்ந்த நாள்களுக்கு இதில் பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

இன்னொரு வரலாறும் இருக்கிறது. அதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம், பிலடெல்பியாவின் கறுப்பின மக்களைப் பற்றி ஆராய, கறுப்பின அறிஞரான டபிள்யூ. இ. பி. டு போய்ஸை அழைத்தது. அவர் ஏழாம் வார்டிலேயே குடியிருந்து, வீடு வீடாகச் சென்று விசாரித்து, 1899இல் நூலாக வெளியிட்டார். அமெரிக்கச் சமூகவியலின் முன்னோடி நூல்களில் ஒன்று அது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு முறையான பேராசிரியர் பதவி தரவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் அருகே இருந்த 'பிளாக் பாட்டம்' என்ற கறுப்பினக் குடியிருப்பு, 1960களில் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் அகற்றப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். பல்கலைக்கழகமும் அந்தத் திட்டத்தில் ஒரு பங்காளி. சுற்றுப்புறப் பள்ளிகளோடும் மக்களோடும் சேர்ந்து பாடம் நடத்தும் மையத்தை 1992இல் அது தொடங்கியபோது, அண்டை வீட்டார் இந்த நினைவுகளோடுதான் கதவைத் திறந்திருப்பார்கள். துணைவேந்தர்களே, உங்கள் மாணவர் ஒரு வீட்டின் கதவைத் தட்டும்போது, உங்கள் நிறுவனம் அந்தத் தெருவுக்குச் செய்தது எல்லாமே அவரோடு வாசலில் நிற்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

திருப்பிக் கொடுப்பது நடக்காத காரியம் அல்ல. நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் 1970களில் 'அறிவியல் கடைகள்' தோன்றின. குடியிருப்போர் சங்கமோ தொழிலாளர் குழுவோ ஒரு கேள்வியோடு வரும். மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் அதை ஆராய்வார்கள். கேள்வி கொண்டுவருபவர்களிடம் ஆய்வுக்குக் கொடுக்கப் பணம் இருக்கக் கூடாது, வணிக நோக்கம் இருக்கக் கூடாது, விடை கிடைத்தால் அதைப் பயன்படுத்தும் நிலையில் அவர்கள் இருக்க வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். விடை யார் கைக்குப் போகும் என்பது முடிவான பிறகே அங்கே வேலை தொடங்கியது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகம் 2009இல் வேறொரு வழியைத் தொடங்கியது. ஓராண்டுக்கு ஒரு நகரம். அந்த நகரம் தன் வேலைகளின் பட்டியலோடு வரும், செலவிலும் பங்கேற்கும். பல துறைகளின் வகுப்புகள் அவற்றை எடுத்துக்கொள்ளும். காசு கொடுத்த நகரம் அறிக்கையைப் படிக்காமல் விடுமா?

மெக்சிகோவில் பட்டம் பெறுவதற்குக் குறைந்தது 480 மணி நேரச் சமூக சேவை கட்டாயம். மணிக் கணக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாணவர் எத்தனை மணி நேரம் நகரத்தில் இருந்தார் என்பதை மட்டும் எண்ணினால், நகரத்துக்கு என்ன வந்து சேர்ந்தது என்பது கணக்கில் வராமலே போகும்.

மேயர்களே, உங்கள் பக்கமும் வேலை இருக்கிறது. மாணவர்களின் பருவம் நான்கைந்து மாதம். உங்கள் நிதிநிலை அறிக்கை ஆண்டுக்கு ஒரு முறை. அது முடிவான மறுமாதம் வந்து சேரும் அறிக்கைக்கு அடுத்த ஆண்டு வரை வேலை இல்லை. அதற்குள் அதை எழுதியவர்கள் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள். உங்கள் நாள்காட்டியை முதலிலேயே எங்களிடம் கொடுங்கள். மாணவர்களின் அறிக்கைகளை வாங்கிப் பதில் எழுதும் பொறுப்பை ஒரு பதவிக்கு ஒப்படையுங்கள். ஆள் மாறினாலும் பதவி இருக்கும். செய்ய முடியாது என்பதே பதிலானாலும், காரணத்தோடு எழுதுங்கள். நகரம் எப்படி இயங்குகிறது என்பதை அந்த ஒரு கடிதத்தில் மாணவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

துணைவேந்தர்களே, ஒரு கட்டுரை வெளியிட்டால் பதவி உயர்வுக்கு மதிப்புண்டு. பொறியாளரின் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தால் இல்லை. இளம் ஆசிரியர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பருவம் முடிந்த பின் தெருவுக்குத் திரும்பிச் சென்று, பதில் சொன்னவர்களைக் கூட்டி, கண்டறிந்ததை அவர்கள் மொழியில் சொல்லும் நாளைப் பாடத்தின் பகுதியாக்குங்கள். அந்த நாளுக்கும் மதிப்பெண் வையுங்கள்.

அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பழைய ஒப்பந்தத்தின் கீழ் எழுதப்பட்ட அறிக்கைகளை ஒரு மேசையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் யாரிடம் கேட்டு எழுதப்பட்டது, அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்று விசாரியுங்கள். என் அலமாரியில் மட்டும் பதினொன்று இருக்கின்றன. கேட்டால் நாளையே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
ஒரு களப்பணி ஆசிரியன்